நூற்றுநாற்பத்துமூன்றாம் பக்கம்

புதுக்கடையில் நீதிமன்றச் சுவரோரம்
என் மேசை, என் முத்திரை, தகரக் கூரை.
பிறப்பு, விவாகம், பொலிஸ் நற்சான்று:
இத்தாலிக்குப் போகிறவர்களின் முழு வாழ்க்கையும்
பக்கத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு.
குருமடத்தை விட்டு ஓடிவந்த எனக்கு
ரோமாபுரி தந்தது அந்தப் பாஷை ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை, மழைக்குச் சற்று முன்,
இமெல்டா சவரிமுத்து ஒரு நாவலைக் கொண்டுவந்து வைத்தாள்.
"நூற்றுநாற்பத்துமூன்றாம் பக்கம் மட்டும், சேர்.
முத்திரை குத்தித் தாங்க."

நான் பின்னட்டையிலிருந்து தொடங்குகிறவன்.
ஒர்தென்சியா தல்மாசோ. வெர்செல்லியில் பிறந்தவர்.
அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதியவர்.
முதல் நாவலைப் பதினொரு பதிப்பகங்கள் திருப்பியனுப்பின.
நான்காவதற்குப் பரிசு.
பின்னர் இருபத்திரண்டு ஆண்டு மௌனம்.

"மௌனமா?" இமெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது.
"ஒவ்வொரு நாளும் எழுதுவா.
விடிய நாலரைக்கு, போர்வையோட.
மத்தியானம் அத்தனையையும் கிழிப்பா.
கூட்டி அள்ளினது நான்.
மழைக்காலத்துல அந்தக் கடதாசியத்தான்
சப்பாத்துக்குள்ள திணிச்சுக் காயவைக்கிறது."

இத்தாலியிலும் நெல் விளையும் என்பதை
அங்கே போய்த்தான் அறிந்தாளாம்.
சோறு குழைந்தால் சிஞ்ஞோரா தட்டைத் தள்ளிவிடுவாள்.
உப்பில்லாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டாள்.
பரிசுப் பணத்தில் வாங்கியது
ஒரு பல்வரிசையும் ஒரு சைக்கிளும்.
சைக்கிளைக் கணவன் கொண்டுபோனான்,
தன்னையும் சேர்த்து.
தாய் முழங்கால் தண்ணீரில் நின்று களை பிடுங்கியதை
ஒரு நாவலிலும் எழுதவில்லை.
ஏன் என்றதற்கு, "அது என்னுடையது."

பிறகு எழுபத்தெட்டு வயதில்,
மருந்து கரைக்கும் நேரங்களில்,
கொழும்பைக் கேட்கத் தொடங்கினாள்.

கறுவா மணக்குமா உன் ஊர்?
இல்லை சிஞ்ஞோரா, ஜம்பட்டா வீதியில்
மண்ணெண்ணெயும் கருவாடும்தான்.
யார் இருக்கிறார்கள் உனக்கு?
றெஜி என்று ஒரு தம்பி.
எங்கே?
நூற்றைம்பத்தைந்து பஸ்ஸுக்குப் போனவன்.

சிஞ்ஞோரா பேனையை மூடினாளாம்.
அதன்பின் அவனைப் பற்றிக் கேட்கவேயில்லை.

பக்கத்தைத் திறந்தேன்.
கொட்டாஞ்சேனையில் கடல் தவறான திசையில் கிடந்தது.
பஸ் பச்சை நிறம்.
தெருவில் ஒட்டகம் இல்லாதது ஒரு புண்ணியம்.
ஆனால் மிதிபலகையில் நின்றவனின் இடது செருப்பில்
அறுந்த வார்.
அதை ஊசி கோத்துப் பிடித்திருந்தது.

"இதைச் சொல்லியிருந்தீர்களா?"
"சொன்ன ஞாபகம் இல்ல." கொஞ்சநேரம் கழித்து,
"ஊசி சரி."

ஆறு வரி தள்ளி அவன் இறங்குகிறான்.
வீட்டுக்கு வருகிறான்.
சோறு கேட்கிறான்.

காணாமற்போனோர் அலுவலகத்துப் படிவத்தில்
'கடைசியாகக் கண்டவர்' என்றொரு கட்டம் இருக்கிறதாம்.
இத்தனை வருடமாய் வெறுமையாய்.

"இது கதை, இமெல்டா. சாட்சியம் ஆகாது.
எழுதினவரும் இல்லை இப்போது."
"தெரியும் சேர். நீங்க தமிழில எழுதுங்க."

பச்சை பஸ்ஸைச் சிவப்பாக்க எனக்கு உரிமையில்லை,
சத்தியம் செய்திருக்கிறேன்.
கடலை மட்டும் மறுபக்கம் வைக்கட்டுமா என்று
வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.
"வேணாம். பிழையையும் அப்படியே எழுதுங்க.
எல்லாம் சரியா இருந்தா
யாரோ சொல்லிக்குடுத்ததுன்னு நெனப்பாங்க."

இறங்கும் அந்த வினைச்சொல்லுக்கு
இத்தாலியத்தில் ஒரு தனி இறந்தகாலம்,
முற்றாக முடிந்து, கதவும் சாத்தியாகிவிட்டவற்றுக்கு வருவது.
நம்மிடம் அப்படியொன்று இல்லை.
'இறங்கினான்' என்று தட்டினேன்.

கீழே வழக்கமான வரி:
மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு.
கையொப்பம். முத்திரை.
மை காயுமுன் தகரத்தில் மழை விழுந்தது.
அவள் தாளை நாவலுக்குள் வைத்து
நாவலைச் சொப்பிங் பைக்குள் வைத்து முடிந்தாள்.
இரண்டாயிரம் தந்தாள்.
ஐந்நூறு மீதி கொடுத்தேன்.